முதலாளியின் இடுப்புச் சாவி

"யார் செஞ்சான்னு எனக்குத் தெரியும். எப்படிச் செஞ்சான்னு மட்டும் நீங்க சொன்னாப் போதும்" என்றார் சங்கரலிங்கம்.

ஞானரத்தினம் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலில் வக்கீல்களுக்காகக் காத்து நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே கோர்ட்டில் வெகுகாலம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர். கொலை செய்தவன் பேசினாலும் செத்தவனின் மனைவி பேசினாலும் அதை 'நான்' என்று ஆரம்பித்து இங்கிலீஷில் திருப்பிச் சொல்ல வேண்டியவர் அவர்தான். வேலையை விட்டுத் துப்பறிய வந்தபோது, சொந்தமாகப் பேச அவரிடம் அதிகம் மிச்சம் இருக்கவில்லை. இருந்ததைச் சிக்கனமாகச் செலவு செய்தார்.

அந்தக் குறை தெரியாமல் இருக்க ஐயாதுரை என்று ஓர் உதவியாளன் இருந்தான்.

"முதலாளி, வாரவுக எல்லாரும் இப்படிப் பாதி வேலையை முடிச்சுக்கிட்டு வந்தா நாங்க பொழைக்க வேண்டாமா?" என்றபடி இலையில் இருந்த பால்கோவாவைச் சங்கரலிங்கத்தின் பக்கம் நகர்த்தினான். "எடுத்துக்கிடுங்க."

"பால் சேர்க்க மாட்டேன். யுத்தத்துக்கு முந்தி ஒரு பால்காரன் கூடச் சண்டை. அன்னைக்குச் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணினேன்."

"பால்காரன்?"

"அவன் செத்துப் பல வருஷமாச்சு. சத்தியம் சத்தியந்தானே."

ஞானரத்தினம் முதல்முறையாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.

சங்கரலிங்கத்துக்கு ராஜபாளையத்தில் இரும்புப் பட்டறை. சண்டை ஓய்ந்து பட்டாளம் விட்டுப்போன சாமான்களை மதுரையில் ஏலம் போட்டபோது, பழைய வெல்டிங் மிஷின் ஒன்றை எடுத்து வந்திருந்தார். ஒரு பக்கம் பெட்ரோல் என்ஜின். மறுபக்கம் அது சுற்றிவிடும் ஜெனரேட்டர். கம்பி வழியாக மின்சாரம் வராத இடத்திலும் இது தானே மின்சாரம் செய்து இரும்பை ஒட்டும். அதை ஓட்டுவதற்கென்று, அஸ்ஸாமில் பட்டாளத்து ஒர்க்ஷாப்பில் வெல்டராக இருந்து திரும்பிய தேவஇரக்கத்தை வேலைக்கு வைத்திருந்தார்.

"ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஓட்டிப் பார்த்தோம்" என்றார் அவர். "என்னா வெளிச்சங்கிறீக! வெறுங்கண்ணால பார்த்துட்டு விடிய விடியக் கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி கெடந்தேன். தேவஇரக்கம் மிஷின் நிக்குற செட்டைப் பூட்டிச் சாவியை எங்கிட்டத் தந்துட்டு, தேவதானத்துல இருக்க பொண்டாட்டியப் பார்க்கப் போயிட்டான். பூஜையன்னைக்கு மிஷினை ஓட்டக் கூடாதுல்லா, ஓட்டல. மறுநா விஜயதசமி, அவனும் வந்துட்டான். பருத்தி ஜின்னிங் ஆலை மேனேஜரைக் கூட்டியாந்து உக்கார வச்சு அவிய முன்னாடி ஓட்டுதோம். என்ஜின் ஓடுது, கரண்டு வரல. உள்ள படபடன்னு நீலமாப் பொறி பறந்துச்சு. பொறவு அதுவும் இல்ல."

"மேனேஜர் என்ன சொன்னாரு?" என்று கேட்டான் ஐயாதுரை.

"காப்பியைக் குடிச்சுட்டு, 'மிஷின் சரியானா எங்க தண்ணித் தொட்டி வேலை உமக்கு, ஆகலைன்னா மதுரை ஆளுக்கு'ன்னுட்டுப் போயிட்டாக. எனக்கு ஆத்திரம் தாங்கல. தட்டுல சூடம் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அத்தனை பேரு முன்னாடி அதை அணைச்சுட்டேன். இந்த மிஷின்ல கை வச்சுக் கெடுத்தது யாரா இருந்தாலும் இனி என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு."

"யாரா இருந்தாலும்" என்றார் ஞானரத்தினம்.

"யாரா இருந்தாலும். மறுநா மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் செட்டுக்குள்ள எட்டிப் பார்க்கேன். தேவஇரக்கம் மிஷின் மூடியைக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்கான். சட்டைப் பைக்குள்ள மிஷினோட கார்பன் கட்டை! கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கான். சாத்தூர்ல ஒரு பட்டறைக்காரன் அவனை ரொம்ப நாளாக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கான் பார்த்துக்கிடுங்க. என் மிஷினைக் கெடுத்துட்டு அங்க போகப் பார்க்கான். சப்-இன்ஸ்பெக்டர்ட்ட சொன்னா, 'ஒரு சாமானும் திருடு போகல. எப்படிக் கெடுத்தான்னு தெரியாம என்னன்னு எழுதட்டும்?'ங்காரு. இன்னைக்குச் சாயங்காலம் வாராரு. நீங்க எப்படின்னு சொல்லிட்டா அவனைக் கொண்டுபோயிருவாரு."

"பூஜையன்னைக்கு செட்டுக்குள்ள யார் போனது?" என்று கேட்டார் ஞானரத்தினம்.

"நான்தான். நானே தொறந்தேன், நானே பொட்டு வச்சேன், நானே பூட்டினேன். சாவி ஒண்ணுதான். இங்கதான் இருந்துச்சு." அவர் இடுப்பைத் தட்டிக் காட்டினார். அரைஞாண் கயிற்றில் சாவி தொங்கியது. "எடத்தை விட்டு அசையல. என்னைத் தவிர ஒரு ஆளு உள்ள போகல. அதுக்கும் சூடம் அணைச்சிருக்கேன்."

"அதே சூடமா?" என்று கேட்டான் ஐயாதுரை.

"வேற சூடம்."

ஞானரத்தினம் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

---

பட்டறை வாசலில் வெள்ளை நாய் ஒன்று அவர்களைப் பார்த்து வெறி பிடித்ததுபோல் குரைத்தது. சங்கரலிங்கத்தைப் பார்த்து அதைவிட அதிகமாகக் குரைத்தது.

"இதைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது அண்ணாச்சி" என்றான் ஐயாதுரை.

செட்டுக்குள் எண்ணெய் டின் மேல் தேவஇரக்கம் உட்கார்ந்திருந்தான். அவனைக் காவல் காக்கச் சொல்லிக் கையில் கடப்பாரை கொடுத்து உட்கார வைத்திருந்த கருத்தப்பாண்டி, கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். முதலாளியைக் கண்டதும் வெற்றிலையைக் கீழே போட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தான்.

மிஷின் நடுவில் நின்றது. பெட்ரோல் டாங்கி, விசிறி, கைப்பிடி எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். அதன் முன்னால் தரையில் பெரிய சிக்குக் கோலம். புள்ளிகளைச் சுற்றி ஒரே இழையாக ஓடி, ஆரம்பித்த இடத்திலேயே பிசிறில்லாமல் முடிந்திருந்தது. சங்கரலிங்கம் அதன் மேல் நடந்து மிஷினிடம் போனார். ஞானரத்தினம் சுற்றிக்கொண்டு போனார்.

ஜெனரேட்டரின் பின்பக்க மூடியைத் திறந்ததும் உள்ளே இருந்த செம்பு உருளை தகதகவென்று மின்னியது. மேலே கார்பன் கட்டைகள் அழுத்திக்கொண்டு நிற்கும் உருளை அது. ஜெனரேட்டர் உண்டாக்குகிற கரண்டு அதன் வழியாகத்தான் வெளியே வரவேண்டும்.

"பளபளன்னு இருக்குல்லா?" என்றார் சங்கரலிங்கம். "ஒரு கொறையும் தெரியல. அதான் எனக்குப் பிடிபடல."

"வாங்கும்போதும் இப்படித்தான் இருந்துதா?" என்றார் ஞானரத்தினம்.

"கவனிக்கலியே."

ஞானரத்தினம் தேவஇரக்கத்தைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். உருளை நெடுக, செம்புப் பட்டைகளுக்கு நடுவில் மெல்லிய காடிகள் இருந்தன. ஒரு காடிக்குள் ஊசியை விட்டு நோண்டினார் ஞானரத்தினம். சிவப்பாகப் பொடி வந்தது. அதோடு ஒரு நார். விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு துளியை ஐயாதுரையிடம் நீட்டினார்.

ஐயாதுரை சுவைத்தான். யோசித்தான்.

"ரசம், அண்ணாச்சி. ஆனா ரசத்துல செங்கலை யாரு போட்டாகன்னுதான் தெரியல."

தேவஇரக்கம் நிமிர்ந்தான். அவனும் ஞானரத்தினமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே பேசாமல் இருப்பதில் பழகியவர்கள். அந்த மௌனம் நீண்டுகொண்டே போனதில் கருத்தப்பாண்டி கை வலித்துக் கடப்பாரையை மறுகைக்கு மாற்றிக்கொண்டான்.

"அண்ணே" என்றான் தேவஇரக்கம் கடைசியில். "என்னைச் செத்த நேரம் மிஷின் பக்கத்துல விடுங்க. சரி பண்ணிருதேன். காரணம் மட்டும் கேக்காதீக."

"போலீசு கொண்டுபோகுமே?" என்றான் ஐயாதுரை.

"போனா என்ன. வெளிய வந்து சாத்தூருக்குப் போவேன். எனக்குப் போக எடம் இருக்கு."

---

கை கழுவ வேண்டும் என்று ஞானரத்தினம் பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குப் போனார். கொல்லையில் செப்புக் குடங்களும் தவலைகளும் வெயிலில் கவிழ்ந்து கிடந்தன. பார்க்கக் கண் கூசியது. கிணற்றடியில் சங்கரலிங்கத்தின் மனைவி சீனியம்மாள் ஒரு செம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு சிரட்டையில் ஊறிய புளி, இன்னொரு சிரட்டையில் செங்கல் பொடி.

"நல்ல மினுக்கம், அக்கா" என்றான் ஐயாதுரை. "மொகம் பார்த்துச் சவரம் பண்ணலாம் போலுக்கே."

அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. "பூஜைக்கு எல்லாத்தையும் தேய்ச்சேன். செட்டைக் கழுவி விட்டேன். அந்த மிஷினுக்குள்ள ஒரு செம்பு கருமூடிப் போய்க் கெடந்துச்சு பார்த்தீகளா? எம்புட்டு வெல குடுத்து வாங்கின சாமான், பட்டாளத்துக்காரன் ஒருநாளாச்சும் தேய்ச்சிருப்பானா? மனசு கேக்கல. ரெண்டு தடவ புளி போட்டுத் தேய்ச்சேன். பொறவுதான் வழிக்கு வந்துச்சு."

"செட்டு பூட்டியிருந்துச்சே?"

"அவிய சாவி குடுத்தாக. 'கூட்டிப் பெருக்கிட்டுக் கொண்டா'ன்னாக. பொறவு அவிய வந்து பொட்டு வச்சாக."

"இதை யாரும் உங்ககிட்ட விசாரிக்கலியா?" என்றார் ஞானரத்தினம்.

"எங்கிட்ட என்னத்த விசாரிக்க? மிஷினைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

ஞானரத்தினம் அவள் கையில் இருந்த செம்பைப் பார்த்தார். அவளும் அதைப் பார்த்தாள். சிரட்டையைப் பார்த்தாள். பிறகு, கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் தெரிந்த செட்டுக் கூரையைப் பார்த்தாள். கை நின்றது.

"அவிய சூடம் அணைச்சுட்டாகளே" என்றாள்.

சிரட்டையைத் தள்ளி வைத்தாள்.

"தேவஇரக்கத்துக்குத் தெரியுமா?"

"மூடியைத் தொறந்த நிமிசமே தெரிஞ்சிருக்கும்" என்றார் ஞானரத்தினம். "யாருக்கும் தெரியாம சரி பண்ணத்தான் கார்பனைக் கழட்டி வச்சிருக்கான்."

சீனியம்மாள் செம்பை அலம்பிக் கவிழ்த்தாள். "மகாராஜபுரத்துல ஒரு தம்பி இருக்கான். அவனுக்கே பாடு பெரும்பாடு. அவன் பொண்டாட்டி எங்கூடப் பேசி ரொம்ப நாளாச்சு." முந்தானையில் கையைத் துடைத்தாள். "அதுக்காக அந்தப் பையனை ஜெயிலுக்கு அனுப்ப முடியுமா? நானே அவியட்டச் சொல்லிருதேன்."

"சாயங்காலம் வரைக்கும் சொல்லாதீக" என்றார் ஞானரத்தினம்.

திரும்பி வரும்போது ஐயாதுரை கேட்டான்: "அண்ணாச்சி, உண்மையைச் சொன்னா அந்த அம்மா வீட்டை விட்டுப் போகணும். சொல்லலைன்னா அவன் ஜெயிலுக்குப் போகணும். ரெண்டுல எதைக் கண்டுபிடிக்கப் போறீக?"

ஞானரத்தினம் செட்டு வாசலில் நின்று உள்ளே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஷின் சரியானாலும் சங்கரலிங்கம் அணைத்த சூடம் மறுபடி எரியாது. அது ஞானரத்தினத்துக்கும் தெரியும்.

---

"கெடுத்தவன் கையிலயே மறுபடி குடுக்கச் சொல்லுதீகளா?" என்று குதித்தார் சங்கரலிங்கம்.

"எப்படின்னு கேட்டீக. அவன் செஞ்சு காட்டுவான்."

தேவஇரக்கம் சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினான். உடைந்த ஹாக்சா பிளேடால் ஒவ்வொரு காடியாகச் சுரண்டினான். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தான். ஒரு மரத்துண்டில் மணல் தாளைச் சுற்றி உருளை மேல் அழுத்திக்கொள்ள, கருத்தப்பாண்டி காவல் வேலையை மறந்து என்ஜினைக் கைப்பிடியால் மெல்லச் சுற்றினான். கார்பன்களைத் தேய்த்துப் பொருத்தி என்ஜினைக் கிளப்பியபோது பொறி பறக்கவில்லை. எல்லோரும் மீட்டரின் முள்ளைப் பார்த்தார்கள்.

முள் அசையவில்லை.

"இப்பவும் வரலியே!" என்றார் சங்கரலிங்கம், தன் கட்சி ஜெயித்த திருப்தியோடு.

தேவஇரக்கம் என்ஜினை நிறுத்தினான். "காந்தம் செத்துப்போச்சு. ஜெனரேட்டர் இரும்புல கொஞ்சம் காந்தம் தங்கியிருக்கணும். அந்தக் கொஞ்சத்தை வச்சுத்தான் கரண்டு ஊறும். அன்னைக்குப் பொறி பறந்ததுல அது போயிருச்சு. ஒரு பேட்டரி இருந்தா ஞாபகப்படுத்திரலாம்."

ஊரில் பேட்டரி என்றால் பஸ்ஸில்தான் இருந்தது. ஐயாதுரை போனான். கரிவாயுவில் ஓடும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ், ஸ்டாண்டில் ஆளேற்றிக்கொண்டு புகைந்துகொண்டிருந்தது.

"பேட்டரியைக் கழட்டினா வண்டி கெளம்பாது" என்றான் டிரைவர் இருளப்பசாமி.

"கழட்டாம இருந்தா மட்டும் கெளம்பிருதா?"

இருளப்பசாமி நியாயஸ்தன். யோசித்துப் பார்த்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றினான். ஆனால் அதைத் தனியே அனுப்ப மனமில்லாமல் கூடவே வந்தான். டிரைவர் போன பிறகு வண்டியில் உட்கார்ந்து என்ன செய்வது என்று பயணிகளும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கூட்டத்தைப் பார்த்துச் சைக்கிளை விட்டு இறங்கிய சப்-இன்ஸ்பெக்டரும் வந்தார்.

தேவஇரக்கம் பேட்டரிக் கம்பிகளை ஜெனரேட்டரின் காந்தச் சுருள் முனைகளில் தொட்டு எடுத்தான். கண் இமைக்கும் நேரம்தான். என்ஜினைக் கிளப்பினான். முள் ஒரு நடுக்கம் நடுங்கி, எழுந்து, நடுவில் போய் நின்றது. கறுப்புக் கண்ணாடியை முகத்தில் பிடித்துக்கொண்டு கம்பியை இரும்புப் பட்டையில் உரசினான். செட்டு முழுவதும் வெள்ளையாக வெளிச்சம் அடித்தது. பஸ் பயணிகள் ஒரே குரலில் "ஆ!" என்று கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். சங்கரலிங்கம் பொத்தவில்லை. மறுபடியும் வெறுங்கண்ணால் பார்த்தார்.

---

"சரி. மிஷின் ஓடுது" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "கெடுத்தது யாரு, எப்படி?"

ஞானரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டார். கோர்ட்டில் பேசின அந்தப் பழைய குரல் வந்தது. அதில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"யாரோ இந்தச் செம்பு உருளையைத் தேய்ச்சுச் சுத்தம் பண்ணியிருக்காங்க. கெடுதல் நினைக்கல. தேய்ச்ச பொடி காடிக்குள்ள தங்கி, ஈரம் காயாம, கரண்டு பாயற வழி மாறிப்போச்சு. அவ்வளவுதான். பூஜைக்கு முந்தின நாள் மிஷின் நல்லா ஓடினதை முதலாளியே பார்த்திருக்கார். அப்புறம் தேவஇரக்கம் சாவியைக் கொடுத்துட்டு ஊருக்குப் போயிட்டான். ஆகவே, தேய்ச்சது பூஜையன்னைக்கு. அன்னைக்கு தேவஇரக்கம் இங்க இல்ல."

"அப்ப யாரு?"

"முதலாளி சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணியிருக்கார். சாவி அவர் இடுப்பை விட்டு அசையல. அவரைத் தவிர ஒருத்தரும் உள்ளே போகல." ஞானரத்தினம் சங்கரலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "உங்க சத்தியத்தை நான் நம்புறேன். அப்படின்னா செட்டைக் கழுவினது நீங்க. உருளையைத் தேய்ச்சது நீங்க. இந்தக் கோலத்தைப் போட்டதும் நீங்கதான்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சங்கரலிங்கமும் பார்த்தார். எத்தனையோ தரம் மிதித்து நடந்த கோலத்தை அப்போதுதான் அவர் பார்க்கிறார் என்று தோன்றியது. இழை எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடுகிறவர்போல் அவர் கண் அதன்மேல் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு உருளைக்குப் போனது. பிறகு செட்டின் பின் ஜன்னலுக்கு. ஜன்னலுக்கு வெளியே, வெயிலில் கவிழ்ந்து கிடந்த குடங்களுக்கு நடுவில், சீனியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கப் போகிறவள்போல் ஓர் எட்டு முன்னால் வைத்தாள்.

சங்கரலிங்கத்தின் கை தானாக இடுப்புச் சாவிக்குப் போயிற்று.

என்ஜின் நின்றிருந்தது. இருளப்பசாமி பேட்டரியை அணைத்துக்கொண்டு நின்றான்.

"ஆமா" என்றார் சங்கரலிங்கம். "நான்தான்."

"கோலமுமா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"கோலமும்தான்" என்று அதட்டினார் அவர். "ஏன், ஆம்பள கோலம் போட்டா கேசு எழுதுவீகளோ?"

சப்-இன்ஸ்பெக்டர் கோலத்தையும் அவருடைய விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

"கை நல்லா வருது முதலாளி" என்றான் ஐயாதுரை. "மார்கழிக்குச் சொல்லி அனுப்புதோம். வந்துருங்க."

சங்கரலிங்கம் அவனைக் கவனிக்கவில்லை. தேவஇரக்கத்திடம் போனார். கீழே கிடந்த அவன் சட்டையை எடுத்து உதறிக் கொடுத்தார்.

---

மறுவாரம் ஞானரத்தினமும் ஐயாதுரையும் ராஜபாளையம் போனபோது, ஆலைத் தொட்டி வேலை இன்னும் ஆரம்பித்திருக்கவில்லை. வெல்டிங் மிஷின் வீட்டுப் பக்கம் நின்று ஓடிக்கொண்டிருந்தது. தன் சத்தியத்தால் வாசப்படி மிதிக்க முடியாத சங்கரலிங்கம் அந்த வாரம் முழுக்க செட்டில் படுத்து, சீனியம்மாள் கொண்டுவந்து வைத்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, வீட்டின் பக்கச் சுவரை உடைத்திருந்தார். அந்த இடத்தில் தேவஇரக்கம் ஓர் இரும்புக் கதவுக்குக் கீல் ஒட்டிக்கொண்டிருந்தான். மிஷின் செய்த முதல் வேலை அது.

கதவு ஆடாமல் அசையாமல் பொருந்தியது. சூடு ஆறுவதற்குள் சீனியம்மாள் வெளியே வந்து, படி இல்லாத அந்தப் புதுவழிக்கு முன்னால் தண்ணீர் தெளித்து, குனிந்து புள்ளி வைத்தாள். முடிகிற வரைக்கும் சங்கரலிங்கம் ஓரமாக நின்றார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோலத்தில் படாமல் எட்டிக் கால் வைத்து, வீட்டுக்குள் போனார். இடுப்பில் சாவி இல்லை. அது சீனியம்மாளின் முந்தானை முடிச்சில் இருந்தது.

"கோலம் நல்லா வந்திருக்கு முதலாளி" என்றான் கருத்தப்பாண்டி வெளியே இருந்து. அவன் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை.

"ம்" என்று உள்ளே இருந்து சத்தம் வந்தது.